ஏர் உழுதவர் மகனின் எரிந்த கைகள்

(கல்லறைத் திருநாளையொட்டி ஒலிபரப்பான வானொலி மறையுரை)



நவம்பர் மாதம் பிறந்தால் நம் கல்லறைத் தோட்டங்களுக்கு உயிர் வந்துவிடுகிறது. புல் செதுக்குகிறோம், சுண்ணாம்பு அடிக்கிறோம், பூமாலை சாத்துகிறோம், மெழுகுதிரி ஏற்றுகிறோம். அப்பா, அம்மா, தாத்தா, ஆயா என்று ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி மன்றாடுகிறோம். பூசைக் கருத்துக்கு அந்தப் பெயர்களைத் தாளில் எழுதிக் கொடுக்கிறோம். அது நல்ல வழக்கம். அதை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் கடல் தாண்டிப் போய், அங்கேயே இறந்து, உடல்கூட வீடு திரும்பாமல் போனவர்களுக்கு யார் மெழுகுதிரி ஏற்றுவது?

புதுச்சேரிக்காரர்களாகிய நமக்கு இது ஏதோ தூரத்துக் கேள்வி அல்ல. கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்குச் சற்றுத் தள்ளி, பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் நிற்கிறது. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் உயிர் நீத்த பிரெஞ்சிந்தியப் போர்வீரர்களுக்காக எழுப்பி, 1938 ஏப்ரல் 3-இல் திறந்துவைத்தார்கள். மாலையில் காற்று வாங்கப் போகும்போது அதைக் கடந்துதான் நடக்கிறோம். ஜூலை 14 அன்று அங்கே மலர்வளையம் வைப்பதைப் பார்க்கிறோம். நம்மில் பலருடைய வீட்டுக் கூடத்தில், படை உடுப்பு போட்ட ஒரு தாத்தாவின் படம் சட்டத்துக்குள் தொங்குகிறது. ‘சொல்தா வீடு’ என்று இன்றும் அடையாளம் சொல்கிறோம். இரண்டாவது போரும் நம்மை விட்டுவைக்கவில்லை. 1940 செப்டம்பரில் ஆளுநர் பொன்வேன் தெகோல் பக்கம் சேர்ந்தார். அதனால் பிரெஞ்சிந்தியாவும் அந்தப் போரில் ஒரு பக்கம் நின்றது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நவம்பர் 2 அன்று ஒவ்வொரு குருவும் மூன்று திருப்பலி நிறைவேற்றலாம் என்பது உங்களுக்குத் தெரியும். முன்பு இந்தச் சலுகை ஸ்பெயின், போர்த்துக்கல் போன்ற நாடுகளுக்கு மட்டுமே இருந்தது. உலகம் முழுவதற்கும் அதை விரித்தவர் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட். அவர் அதைச் செய்த நாள் 1915 ஆகஸ்டு 10. அப்போது ஐரோப்பாவின் வயல்களில் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சாவுகளைப் பார்த்த திருத்தந்தை, இவர்களுக்காக இன்னும் அதிகமாக மன்றாட வேண்டும் என்று உணர்ந்தார். ஆக, இன்று நம் பீடங்களில் நடக்கும் அந்த மூன்று திருப்பலிகளுக்குப் பின்னால் போர்க்களத்தில் இறந்த பிள்ளைகளின் நினைவு இருக்கிறது.

அப்படிப்பட்ட பிள்ளைகளில் ஒருவருடைய வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்கிறேன். அவர் நம் ஊர்க்காரர் அல்லர், ஸ்காட்லாந்து நாட்டுக்காரர். அவரை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அவர் குண்டுவீச்சு விமானத்தில் பறந்தவர். குண்டு வீசியவருக்காக நாம் மன்றாடலாமா என்ற கடினமான கேள்வியை அவருடைய வாழ்க்கை நம் முன் கொண்டுவந்து வைக்கிறது.

அவர் பெயர் ஜார்ஜ் தாம்சன். 1920 அக்டோபர் 23-இல், பெர்த்ஷயர் மாவட்டத்தில் டிரினிட்டி காஸ்க் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா பண்ணையில் ஏர் உழும் தொழிலாளி. சொந்த நிலம் இல்லாதவர் வீட்டுப் பிள்ளை எப்படி வளரும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கின்ராஸ் என்ற சிறு நகரத்தில் பள்ளிப் படிப்பு. படிப்பு முடிந்ததும் அங்கேயே ஒரு மளிகைக் கடையில் வேலை பழகினார். போர் வராமல் இருந்திருந்தால் அரிசி, சர்க்கரை, தேயிலை நிறுத்துக் கொடுத்து, கணக்கு எழுதி, அமைதியாக வாழ்ந்து முடித்திருப்பார். உலகம் அவர் பெயரைக் கேள்விப்பட்டே இருக்காது.

போர் வந்தது. 1941-இல் விமானப் படையில் சேர்ந்தார். முதலில் தரையில் இருந்து வயர்லெஸ் கருவியை இயக்கும் வேலை. பிறகு, விமானத்தில் பறக்கிறேன் என்று அவரே முன்வந்தார். ஒன்பதாவது படைப்பிரிவில், லங்காஸ்டர் என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானத்தில் வயர்லெஸ் ஆபரேட்டர் ஆனார்.

அந்த விமானத்தில் ஏழு பேர். ஓட்டுபவர் ஒருவர், எஞ்சினைக் கவனிப்பவர் ஒருவர், வழி கணிப்பவர் ஒருவர், குண்டைக் குறிபார்த்து விடுபவர் ஒருவர், வயர்லெஸ்காரர் ஒருவர், துப்பாக்கிக்காரர் இருவர். துப்பாக்கிக்காரர்களில் ஒருவர் விமானத்தின் முதுகிலும் மற்றவர் வால் நுனியிலும், கண்ணாடிபோன்ற சுழல் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார்கள். மேலே குளிர் எலும்பைத் துளைக்கும். வாலில் இருப்பவர் தனிமையில் மணிக்கணக்காக உறைந்துபோய் இருப்பார். விமானத்தில் வெப்பக் காற்று வரும் குழாய் வயர்லெஸ்காரர் பக்கத்தில்தான் இருந்தது. ஏழு பேரில் கதகதப்பான இடம் அவருடையது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1945 ஜனவரி 1. புத்தாண்டுக் காலை, நாம் மரியா இறைவனின் தாய் பெருவிழாவைக் கொண்டாடும் நாள். ஜெர்மனியில் டார்ட்மண்ட்-எம்ஸ் என்ற கால்வாயைத் தகர்க்க லங்காஸ்டர் விமானங்கள் புறப்பட்டன. ரூர் தொழிற்பகுதியிலிருந்து சரக்குப் போகும் முக்கியமான நீர்வழி அது. தாம்சனின் விமானத்தை ஓட்டியவர் டென்டன் என்ற நியூசிலாந்துக்காரர்.

குண்டுகளை விட்ட சற்று நேரத்திலேயே தரையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு ஒன்று விமானத்தின் நடுப்பகுதியில் பட்டது. இன்னொன்று மூக்கில் பட்டது. உள்ளே தீப்பிடித்தது. தரைத்தளத்தில் பெரிய ஓட்டை விழுந்தது. ஒருவரோடு ஒருவர் பேசும் கம்பிகள் அறுந்தன. எஞ்சின் ஒன்று எரிந்தது.

தாம்சன் தன் இருக்கையிலிருந்து பார்க்கிறார். முதுகுக் கூண்டு பற்றி எரிகிறது. அதற்குள் எர்னஸ்ட் பாட்ஸ் மயங்கிக் கிடக்கிறார். துப்பாக்கித் தோட்டாக்கள் தீயில் வெடித்துக்கொண்டிருக்கின்றன. தாம்சன் தீக்குள் நுழைந்தார். நண்பரைக் கூண்டிலிருந்து இழுத்தார். தரையில் இருந்த ஓட்டையின் விளிம்பை ஒட்டி அவரைச் சுமந்துகொண்டு நகர்ந்தார். கீழே வெற்று வானம். தீ எட்டாத இடத்தில் கிடத்தி, அவருடைய உடுப்பில் எரிந்த தீயைத் தன் வெறுங்கைகளால் அடித்து அணைத்தார். அதற்குள் தாம்சனின் முகமும் கைகளும் கால்களும் வெந்துபோயின.

பிறகுதான் வால் கூண்டும் எரிவதைக் கண்டார். அந்த வெந்த கைகளோடு வாலுக்குப் போனார். அங்கே ஹெய்டன் பிரைஸ் தீயிலும் புகையிலும் துவண்டு கிடந்தார். அவரையும் வெளியே இழுத்தார். அவர்மேல் எரிந்த தீயையும் அதே கைகளால் அடித்து அணைத்தார்.

இத்தனைக்கும் பிறகு, நடந்ததைக் கேப்டனிடம் சொல்ல வேண்டுமே என்று முன்பக்கம் புறப்பட்டார். கம்பிகள் அறுந்துவிட்டதால் நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும். ஓட்டை விழுந்த தளத்தைக் கடக்க, வெந்த விரல்களால் விமானத்தின் பக்கச் சுவரைப் பற்றிக்கொண்டு நகர்ந்தார். உடுப்பெல்லாம் கருகிப் போயிருந்தது. வெளியிலிருந்து பனிக்காற்று அடித்தது. தீப்புண்ணோடு உறைபனிப் புண்ணும் சேர்ந்துகொண்டது. அவர் முன்னால் வந்து நின்றபோது கேப்டனுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை.

நாற்பது நிமிடம் கழித்து விமானம் நெதர்லாந்தில் ஒரு வயலில் மோதி இறங்கியது. பாட்ஸ் மறுநாள் இறந்தார். பிரைஸ் பிழைத்துக்கொண்டார். தாம்சன் மருத்துவமனையில் மூன்று வாரம் இருந்தார். தேறி வருகிறார் என்று நினைத்த நேரத்தில் நிமோனியா வந்தது. ஜனவரி 23 அன்று இறந்தார். வயது 24. பெல்ஜியத்தில் பிரசல்ஸ் நகரக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். பிப்ரவரி மாதம், பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை அவருக்கு அறிவிக்கப்பட்டது. அதை வாங்க அவர் இல்லை.

சகோதர சகோதரிகளே, நண்பர்களுக்காக உயிரைக் கொடுப்பதைவிட மேலான அன்பு இல்லை என்று நம் ஆண்டவர் சொன்னது யோவான் நற்செய்தி 15-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கதகதப்பான இருக்கையை விட்டு எழுந்து தீக்குள் போன அந்த மளிகைக் கடைப் பையனிடம் அந்த அன்பு இருந்தது. ஒருமுறை மட்டும் என்றால் அவசரத்தில் செய்துவிட்டார் என்று சொல்லலாம். தீ என்றால் என்ன என்று கைகள் அறிந்துகொண்ட பிறகு இரண்டாம் முறையும் போனாரே, அதுதான் என் மனத்தில் நிற்கிறது.

இதோடு நான் மறையுரையை முடித்திருக்கலாம். ஆனால் முழு உண்மையையும் சொல்ல வேண்டும்.

பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் ஏறத்தாழ 1,25,000 பேர் விமானத்தில் பறந்தார்கள். அவர்களில் 55,573 பேர் இறந்தார்கள். பாதிக்குச் சற்றே குறைவு. பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். ஆனால் அவர்கள் வீசிய குண்டுகளுக்குக் கீழேயும் பிள்ளைகள் இருந்தார்கள். தாம்சன் போன அன்று இலக்கு கால்வாய்தான். மற்ற நாள்களில் அதே படை ஊர்களையே எரித்தது. தாம்சன் இறந்த மூன்று வாரத்தில், பிப்ரவரி 13 இரவு தொடங்கி டிரெஸ்டன் நகரம் எரிந்தது. இறந்தவர்கள் ஏறத்தாழ 25,000 பேர். பெண்கள், முதியவர்கள், போருக்குப் பயந்து ஓடிவந்த அகதிகள் அவர்களில் உண்டு.

வானத்திலிருந்து குண்டு விழுவதை நம் பக்கத்து மக்களும் அறிவார்கள். 1942 ஏப்ரல் 5, உயிர்ப்பு ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்தில் குண்டு விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்று மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்பினார்கள். குண்டு வீசியவர்களும் யாரோ தாய் பெற்ற பிள்ளைகள்தான்.

நகரங்களை அவற்றில் வாழும் மக்களோடு சேர்த்து அழிப்பது கடவுளுக்கும் மனிதருக்கும் எதிரான குற்றம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்ற ஏட்டில், எண் 80-இல் அது இருக்கிறது. எந்தப் பக்கம் செய்தாலும் குற்றம் குற்றமே. தாம்சனின் வீரத்தைச் சொல்லி டிரெஸ்டனை மறைக்க எனக்கு உரிமை இல்லை. டிரெஸ்டனைச் சொல்லித் தாம்சனின் கைகளை மறக்கவும் எனக்கு உரிமை இல்லை.

அப்படியானால் என்ன செய்வது? விவிலியம் ஒரு வழி காட்டுகிறது. கல்லறைத் திருநாளில் நாம் அடிக்கடி கேட்கும் வாசகம்தான். மக்கபேயர் இரண்டாம் நூல், அதிகாரம் 12. யூதா மக்கபேயும் அவருடைய ஆட்களும் போரில் இறந்த தங்கள் வீரர்களை அடக்கம் செய்யப் போகிறார்கள். உடல்களைத் தூக்கும்போது ஒன்று தெரிகிறது. இறந்தவர்கள் ஒவ்வொருவருடைய ஆடைக்குள்ளும் யாம்னியாவின் சிலைகளுக்குரிய தாயத்து இருக்கிறது. யூதச் சட்டம் தடைசெய்த பொருள் அது. கடவுளுக்காகப் போரிடுவதாகச் சொன்னவர்கள், கடவுளுக்குப் பிடிக்காததை நெஞ்சில் கட்டிக்கொண்டு செத்திருக்கிறார்கள்.

யூதா அவர்களை அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அல்லது தாயத்துகளை மறைத்துவிட்டு, எல்லாரும் தூய வீரர்கள் என்று அறிவித்திருக்கலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை. எல்லாரும் சேர்ந்து, அந்தப் பாவம் முற்றிலும் துடைக்கப்பட வேண்டும் என்று மன்றாடினார்கள். பிறகு ஆளுக்கு இவ்வளவு என்று இரண்டாயிரம் வெள்ளிக் காசு திரட்டி, பாவம் போக்கும் பலிக்காக எருசலேமுக்கு அனுப்பினார்கள். இறந்தோர் உயிர்த்தெழுவர் என்று நம்பியதால்தான் அப்படிச் செய்தார்கள் என்று நூல் சொல்கிறது.

இறந்தவர்களுக்காகத் திருச்சபை மன்றாடுவதன் பொருள் இதுதான். இறந்தவர் குறையற்றவர் என்று நாம் சான்றிதழ் கொடுப்பதில்லை. குறையற்றவராக இருந்தால் நம் மன்றாட்டு எதற்கு? அவர் செய்த நல்லதும் கெட்டதும் தெரிந்தே, அவரைப் பெயர் சொல்லிக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறோம். தீர்ப்பை நாம் கையில் எடுப்பதில்லை. போர்வீரரை மாவீரர் என்று தூக்கி வைப்பதும், கொலைகாரர் என்று தூக்கி எறிவதும் அரசியல் மேடைக்கு எளிது. பீடத்தின் முன் நிற்பவர்களுக்கு வேலை அதைவிடக் கடினமானது. நாம் மன்றாட வேண்டும்.

இதை உலகத்தில் சிலர் செய்து காட்டியிருக்கிறார்கள். 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் குண்டுவீச்சில் இங்கிலாந்தின் கவென்ட்ரி பேராலயம் இடிந்தது. அங்கே தலைமைக் குருவாக இருந்த ரிச்சர்ட் ஹோவர்ட், தந்தையிடம் மன்னிப்பு வேண்டும் இரண்டே சொற்களைப் பின்னாளில் இடிந்த பீடத்தின் பின்சுவரில் பொறிக்கச் செய்தார். சிலுவையில் ஆண்டவர் சொன்ன மன்றாட்டில் ‘அவர்களை’ என்ற சொல் வரும். ஹோவர்ட் அதை விட்டுவிட்டார். மன்னிப்பு ‘அவர்களுக்கு’ மட்டும் தேவைப்படவில்லை, நமக்கும் தேவை என்று எண்ணினார்.

டிரெஸ்டனில் அன்று இடிந்த அன்னை மரியா ஆலயத்தைப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பக் கட்டி 2005 அக்டோபர் 30-இல் நேர்ந்தளித்தார்கள். அதன் உச்சியில் இன்று பொன்முலாம் பூசிய சிலுவை ஒன்று நிற்கிறது. அதைச் செய்தவர் ஆலன் ஸ்மித் என்ற இங்கிலாந்து வெள்ளி வேலைக் கலைஞர். அவருடைய அப்பா, டிரெஸ்டன்மீது குண்டு வீசப் பறந்த விமானிகளில் ஒருவர். அப்பா எரித்த ஊருக்கு மகன் சிலுவை செய்து கொடுத்தார்.

லண்டனில் குண்டுவீச்சுப் படையினருக்கான நினைவுச் சின்னம் 2012 ஜூன் 28-இல்தான் திறக்கப்பட்டது. போர் முடிந்து 67 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்களை எப்படி நினைப்பது என்ற தயக்கமும் அந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம். அங்கே, குண்டுவீச்சில் இறந்த எல்லா நாட்டு மக்களையும் நினைவுகூரும் வாசகமும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அது இல்லாமல் அந்தச் சின்னம் முழுமை பெற்றிருக்காது.

அன்பார்ந்தவர்களே, இன்னும் ஒரே ஒரு செய்தி. தாம்சனை நமக்குத் தெரிகிறது. பிறந்த ஊர், இறந்த நாள், கல்லறை எல்லாம் தெரிகிறது. எழுதி வைத்தார்கள், அதனால் தெரிகிறது. பரங்கிமலைக்குத் திருப்பயணம் போகிறவர்கள், பக்கத்தில் நந்தம்பாக்கத்தில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். 1952-இல் அமைத்தது. இரண்டாம் உலகப் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டோர் அங்கே இருக்கிறார்கள். தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். அது அழகான ஏற்பாடு.

ஆனால் எல்லாருக்கும் அந்தக் கல் கிடைக்கவில்லை. அந்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் உலகப் போரில் இறந்த ஆப்பிரிக்க, ஆசிய வீரர்களிலும் தொழிலாளர்களிலும் குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லியோ அல்லது எவ்விதத்திலுமோ நினைவுகூரப்படவில்லை என்று அது ஒப்புக்கொண்டது, மன்னிப்பும் கேட்டது. அவர்களும் ஏர் உழுதவர் வீட்டுப் பிள்ளைகள்தான். அவர்களில் யார் தீக்குள் போனார், யார் நண்பனைச் சுமந்தார் என்று சொல்ல ஒரு வரிகூட இல்லை. எழுதுவதற்கு ஆள் இல்லாததால், அவர்கள் செய்தது நடக்காதது ஆகிவிடாது. எசாயா 49-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் நம்மைத் தம் உள்ளங்கைகளில் பொறித்து வைத்திருப்பதாகச் சொல்கிறார். கல்லில் விடுபட்ட பெயர்கள் அந்தக் கைகளில் விடுபடவில்லை.

ஆனால் கடவுள் மறக்கவில்லை என்பது நாம் மறப்பதற்கு அனுமதி ஆகாது. எனவே இந்த நவம்பர் மாதம் நம் கதிர்காமம் இறைமக்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் சொல்தாவாகப் போனவர்கள் உண்டா? முதல் போரோ, இரண்டாம் போரோ, பிறகு இந்தோசீனாவிலோ அல்ஜீரியாவிலோ, நம் இந்தியப் படையிலோ, எதுவாக இருந்தாலும் சரி. தாத்தாவின் படத்தைக் கழற்றித் துடையுங்கள். பின்பக்கம் பெயரும் ஊரும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள். இன்னும் பத்து வருடம் போனால் கேட்க ஆள் இருக்காது. அந்தப் பெயரை, தெரிந்தால் வருடத்தையும், ஒரு தாளில் எழுதிக் கோவிலில் கொடுங்கள். ஞானஸ்நானப் பெயர் மட்டும் தெரிந்தாலும் போதும். இந்த மாதத் திருப்பலிகளில் பீடத்தில் வைத்து வாசிப்போம்.

அந்தத் தாளின் அடியில் இன்னொரு வரியும் சேர்த்து எழுதுங்கள்: இவரால் இறந்தவர்களுக்காகவும். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. அவர்களுக்கும் தாய் இருந்தாள். அவளும் ஒருநாள் கதவைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். கையில் துப்பாக்கி பிடித்த நம் தாத்தாவுக்கு நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, அவரால் வீழ்ந்தவருக்காக அவர் சார்பில் மன்றாடுவதுதான்.

குறிப்பாக இளைஞர்களே, போர் என்றால் கைப்பேசியில் பார்க்கும் காட்சி என்று நினைத்துவிடாதீர்கள். இன்றும் உலகின் பல நகரங்கள்மீது வானத்திலிருந்து குண்டு விழுகிறது. விடுபவருக்கும் உங்கள் வயது, விழும் இடத்தில் இருப்பவருக்கும் உங்கள் வயது. ஜார்ஜ் தாம்சனுக்கு 24. அவருடைய கைகள் மளிகைப் பொட்டலம் கட்டப் பழகிய கைகள். போர் அவற்றைத் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டது. ஆனாலும் கடைசியில் அவை இரண்டு நண்பர்கள்மேல் எரிந்த தீயை அணைத்தன. மனிதருடைய கைகளைக் கடவுள் எதற்காகப் படைத்தாரோ, அதைச் செய்தபோதுதான் அவை எரிந்தன.

இறந்த எல்லா விசுவாசிகளின் ஆன்மாக்களும், போரில் இறந்தவர்களும், போரால் இறந்தவர்களும், பெயர் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும், இறைவனின் இரக்கத்தால் அமைதியில் இளைப்பாறுவார்களாக. ஆமென்.